பெரா ஏரியில் ஒரு பூபு

என் கையால் செய்த முதல் மீன்பொறியில் அகப்பட்டது ஒரு ஜப்பான் சிலிப்பர். இடது கால். அளவு எட்டு.

உலு லங்காட் பக்கம் ஆற்றோரமாக நடந்த வார இறுதி முகாம் அது. 'காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் எப்படி உயிர் பிழைப்பது' என்று வானொலியில் ஒரு தொடர் செய்துகொண்டிருந்தேன். சும்மா பேசாமல் நேரில் போய்ச் செய்து பார்க்கலாமே என்று கிளம்பிவிட்டேன். தீ மூட்டுவது, மழைநீர் பிடிப்பது, இலைக்கூரை போடுவது எல்லாம் ஓரளவு வந்தது. மீன்பொறி மட்டும் வரவில்லை.

பயிற்சியாளர் காட்டியது எளிய முறைதான். ஒரு முழம் மூங்கிலை எடுத்து, ஒரு பக்கத்தில் கணுவரை பல கீற்றுகளாகப் பிளக்க வேண்டும். பிளந்த பக்கத்தை விரித்து உள்ளே ஒரு வளையத்தைச் செருகினால் புனல் மாதிரி ஆகிவிடும். கீற்றுகளுக்கு இடையில் கொடியைப் பின்னி அடைத்து, ஆற்றில் கிடத்திவிட்டால் முடிந்தது. "தூண்டில் போட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறி நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்யும்" என்றார். பசியிலும் களைப்பிலும் இருப்பவருக்கு அது பெரிய விஷயம் என்பது புரிந்தது. ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று மணி நேரம் போராடிச் செய்தது, உதிர்ந்துபோன விளக்குமாறு போல இருந்தது. மறுநாள் காலையில் அதில் சிலிப்பர்.

இந்தக் கதையை நிகழ்ச்சியில் சொன்னபோது நேயர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். ஓர் அம்மா மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "அதுக்குப் பேரு பொறி இல்லம்மா. பறி. தோட்டத்துல எங்கப்பா செய்வாரு."

அந்த வார இறுதியில் சிரம்பானில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் நிகழ்ச்சியைக் கேட்டிருந்தார். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எள மூங்கில வெட்டியிருப்ப. வாய மேக்காலப் பாத்து வச்சிருப்ப."

இரண்டும் சரி. இளம் பச்சை மூங்கில்தான் வெட்டினோம். பொறியின் வாயை, தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் வைத்தோம். ஆற்றில் மீன் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும். வாய் கீழ்த்திசையைப் பார்த்து இருந்தால்தான் ஏறிவரும் மீன் உள்ளே போகும். மேல்திசையைப் பார்த்து வைத்தால் ஆற்றில் மிதந்து வரும் குப்பையெல்லாம் உள்ளே வரும். சிலிப்பர் உட்பட.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தாத்தா செய்வாரு" என்றார். அதோடு பத்திரிகைக்குள் போய்விட்டார்.

எனக்கு இது புதுச் செய்தி. அப்பா பிறந்து வளர்ந்தது பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தா பால் வெட்டியவர். கொள்ளுத்தாத்தா அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்று சொல்வார்கள். கண்மாய்களில் ஊத்தாவும் பறியும் வைத்து மீன் பிடித்துப் பழகிய ஊர்ப்பக்கம் அது. அந்தக் கைப்பழக்கம் மூன்று தலைமுறை நடந்து வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஆற்று மீன் வாங்கியதே இல்லை. கெம்போங், தெங்கிரி, சாடின் என்று எல்லாம் கடல் மீன்தான். எனக்குக் குழந்தை பிறந்து பத்தியத்தில் இருந்தபோது, புண் சீக்கிரம் ஆறட்டும் என்று மாமியார் விரால் வாங்கி சூப் வைத்துக் கொடுத்தார். நம் நாட்டில் எல்லா இனத்தவரும் செய்வதுதான், ஹாருவான் சூப். அன்று என்னைப் பார்க்க வந்த அப்பா, சட்டி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். நாற்றம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

நிஜமான பறியை நிஜமாகச் செய்பவர்களிடம் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கூட வருகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டேன். "எங்க?" என்றார். பெரா ஏரி என்றேன். "பகாவ் வழியாத்தானே போகணும்" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

நவம்பர் மாதக் கடைசி. சனிக்கிழமை விடியற்காலையில் சிரம்பானிலிருந்து புறப்பட்டோம். புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கி, கோலப்பிலாவில் பசியாறிவிட்டு, பகாவை நெருங்கும்போது அப்பா காரை மெதுவாக ஓட்டச் சொன்னார். ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். அவருடைய தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும், புதுச் சாயத்தோடு, செம்பனைகளுக்கு நடுவே நின்றது. அதற்குப் பின்னால் இறங்கிப் பார்த்தார். சிற்றாறு ஓடியதாம் அங்கே. ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் நின்றார், வந்து காரில் ஏறினார். நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மறுபடி பையில் போட்டுவிட்டேன்.

பகாவைத் தாண்டினால் கடைகள் குறைந்துவிடுகின்றன. லாடாங் கெடிஸ் பெயர்ப்பலகை, பெல்டா குடியேற்றங்கள், மறுபடி செம்பனை, மறுபடி செம்பனை. தலைநகரிலிருந்து வருபவர்கள் தெமர்லோ, தெரியாங் வழியாகவும் வரலாம். எந்த வழியில் வந்தாலும் வண்டியில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கைப்பேசி அலை அடங்கிவிடுகிறது.

பெரா ஏரியை ஏரி என்று சொன்னால், கரையில் நின்று மறுகரையைப் பார்க்கும் ஓர் இடத்தை மனத்தில் நினைப்பீர்கள். அப்படி இல்லை. கைவிரல்களைப் போலக் காட்டுக்குள் கிளைபிரிந்து போகும் வாய்க்கால்கள், சதுப்பு, கோரைத் திட்டுகள், நடுநடுவே திறந்த நீர்ப்பரப்பு. மழை பெய்தால் காடே ஏரியாகிவிடும். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர்ச் சதுப்பு ஏரி இது. 1994-இல் நம் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள காட்டையும் சேர்த்து 38,000 ஹெக்டருக்கும் அதிகம். தண்ணீரின் நிறம் கோப்பி-ஓ. அழுக்கில்லை. உதிர்ந்து ஊறிய இலையின் சாறு. கையில் அள்ளினால் வெளிறிய தேநீர் போலத் தெரிகிறது. படகிலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. நீரோரம் முழுக்க ராசாவ் புதர். நம் தாழையின் இனம்தான், அதே முள், அதே வாள் போன்ற இலை.

இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் செமெலாய் மக்கள். பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர். அவர்களுடைய மொழி மலாய் இல்லை. மோன், கெமர் மொழிகளோடு உறவுள்ள தனி மொழி. எங்களோடு மலாயில்தான் பேசினார்கள். தோணியில் போய் மீன் பிடிப்பதும், கெருயிங் மரத்து எண்ணெய் எடுப்பதும், பாய் முடைவதும் அவர்களின் பழைய தொழில்கள். இப்போது பலர் செம்பனையிலும் வெளியூர் வேலைகளிலும் இருக்கிறார்கள்.

எங்களுக்குக் கற்றுத் தர ஒப்புக்கொண்டவர் அப்பா வயதுதான் இருப்பார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் அப்பாவை 'அபாங்' என்றார். அப்பாவும் அவரை 'அபாங்' என்றார். இரண்டு அண்ணன்களும் கடைசிவரை தம்பியாக இருப்பதற்குப் போட்டி போட்டார்கள்.

மலாயில் பூபு. கடலில் கம்பிவலையில் செய்து இறக்குவதும் பூபுதான். மூங்கிலில் செய்து ஆற்றில் வைப்பதும் பூபுதான். நம் பறியும் அதுவே. பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிச் சிறுவர்கள் குட்டி மீன் பிடிப்பதும் இதே சூட்சுமம்தான். ஆஸ்திரேலியாவில் புஜ் பிம் என்ற இடத்தில், குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லில் கால்வாய் அமைத்து, பின்னிய கூடைகளை வைத்து விலாங்கு பிடித்திருக்கிறார்கள். 6,600 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை அறிவித்தார்கள். மனிதன் எங்கே போனாலும் இந்த ஒரு புனலைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

முதலில் மூங்கில். வீட்டுக்குப் பின்னாலிருந்த புதரில் அவர் ஒவ்வொன்றாகப் பாராங்கின் முதுகால் தட்டிப் பார்த்தார். பளபளவென்று பச்சையாக இருந்ததை எல்லாம் விட்டுவிட்டார். தோலில் வெள்ளைத் தேமல் போலப் படிந்திருந்த, மூன்று வயதானதாக அவர் சொன்ன ஒன்றை வெட்டினார். இளம் மூங்கில் காயும்போது சுருங்கும். சுருங்கினால் கட்டெல்லாம் தளர்ந்துவிடும், சீக்கிரம் பூச்சியும் வைக்கும். அப்பா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

பிளப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. பாதி, கால், அரைக்கால் என்று பிளந்துகொண்டே போக வேண்டும். சில நேரம் பிளவு ஒரு பக்கமாக ஓடி ஒரு கீற்று மெலிந்துவிடும். அப்போது தடித்த பக்கத்தை அதிகமாக வளைத்தால் பிளவு மறுபடி நடுவுக்குத் திரும்பி வருகிறது. கத்தியை அழுத்துவதால் வருவதில்லை. இதை அவர் சொல்லவில்லை. அப்பாதான் என் கையைப் பிடித்து வளைத்துக் காட்டினார். மூங்கில் 'படார்' என்று பிளக்கும் ஓசை வானொலிக்கு அவ்வளவு அருமையாக இருந்தது. அதைப் பதிவு செய்வதில் நான் மும்முரமாக இருந்தேன். என் வேலை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் நாற்பத்து நான்கு பிளாச்சுகள். நீளம் என் இடுப்பு உயரம். உள்பக்கத்துச் சோற்றைச் சீவிக் கணுக்களை வழித்துவிட வேண்டும். பிரம்பில் மூன்று வளையங்கள், ஒன்றைவிட ஒன்று சிறியதாக. பிரம்பின் முள்தோலை உரித்து, நெடுக்காகப் பிளந்து, நீரில் ஊறப் போட்டால் கயிறு தயார். வளையத்தின் மீது பிளாச்சுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று பின்னிக் கட்ட வேண்டும். செமெலாய் அபாங் இரண்டு வரிசை கட்டியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டி அடுத்த பிளாச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்தது. அபாங் கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, பிரம்புக் கட்டை அப்பா பக்கம் தள்ளிவைத்தார். தான் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

நாற்பது வருடம் பேருந்து ஓட்டிய கை அது. கண்ணாடி போட்டால்தான் பத்திரிகை வாசிக்க முடியும். கண்ணாடி இல்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

பிளாச்சுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். அபாங் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். விரல் உள்ளே போய் வர வேண்டும். அந்த வழியே குஞ்சு மீன்கள் வெளியேறிவிடும். அடைத்துக் கட்டினால் எல்லாம் சேர்ந்து வரும், அடுத்த வருடம் பிடிக்க எதுவும் இருக்காது.

கடைசியில் இன்ஜாப். பூபுவின் உயிர்நாடி அதுதான். வாயிலிருந்து உள்நோக்கிக் குறுகிப் போகும் ஒரு சிறு புனல். வெளிப்பக்கம் வாய் வளையத்தோடு கட்டப்பட்டிருக்கும். உள்பக்கத்து நுனிகள் கூராகச் சீவப்பட்டு, கட்டப்படாமல், ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். இரையின் வாசம் பிடித்து வரும் மீன் முட்டித் தள்ளினால் நுனிகள் விலகி வழிவிடும். போனதும் சேர்ந்துகொள்ளும். உள்ளே போன மீன் சுவரைத் தொட்டபடி சுற்றிச் சுற்றி வரும். வழியோ நடுவில், அதன் முகத்தை நோக்கி ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரோரமே தேடும் மீனுக்கு நடுவில் இருக்கும் வாசல் அகப்படுவதே இல்லை. முகாமில் நாங்கள் இந்த நுனிகளையும் சேர்த்துக் கட்டி ஓர் ஓட்டை வைத்திருந்தோம். வந்த மீன் ஏதாவது இருந்தால் இரையைத் தின்றுவிட்டு வந்த வழியே போயிருக்கும்.

பின்பக்கத்துப் பிளாச்சுகளைக் குவித்து ஒரே ஒரு கட்டு. மீனை எடுக்க அதை அவிழ்த்தால் போதும். இரையாக நன்றாகப் பழுத்த செம்பனைப் பழம் நான்கும் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கும். ஏரியைச் சுற்றிச் செம்பனை வந்தபிறகு மீன்களுக்கும் அந்த ருசி பழகிவிட்டது போலிருக்கிறது.

மாலை ஐந்து மணிக்குத் தோணியில் போனோம். சதுப்புக் காட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் குறுகிய வாய்க்கால். நீர் ஏறும் பருவத்தில் மீன்கள் காட்டுக்குள் மேயப் போகும். அதனால் பூபுவின் வாய் ஏரியைப் பார்த்து. இரு பக்கமும் குச்சியும் ஓலையும் நட்டு வேலிபோல் அடைத்தார், மீன் வேறு வழியில் போகாதபடி. இங்கே கனம் வைக்கக் கல் கிடையாது, அடியில் எல்லாம் சேறு. ஆகவே இரண்டு கம்புகளைக் குறுக்காகக் குத்திப் பூபுவை அழுத்தி நிறுத்தினார். முக்கியமான ஒன்று: வால் பக்கம் நான்கு விரல் உயரம் நீருக்கு மேலே தெரியும்படி சாய்த்து வைத்தார். விராலும் பனையேறிக் கெண்டையும் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டிய மீன்கள். ஆமையும் அப்படித்தான். முழுக்க மூழ்கிய பூபுவில் அவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். உயிரோடு கிடைத்தால்தான் வேண்டாததைத் திருப்பி விடவும் முடியும்.

கடைசிக் காப்பு, பூபுவைப் பக்கத்தில் நட்ட ஒரு கம்போடு பிரம்பால் கட்டுவது. அந்த ஒரு வேலையை என்னிடம் கொடுத்தார். ஒரு கையில் ஒலிப்பதிவுக் கருவி, அந்தி நேரத்துப் பூச்சிச் சத்தம் வேறு தொடங்கிவிட்டது. இன்னொரு கையால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். மூன்று வருட மீடியா படிப்பில் முடிச்சுப் போட யாரும் சொல்லித் தரவில்லை.

கிராமத்தார் நடத்தும் சிறு தங்குமிடத்தில் படுத்தோம். பத்து மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுவது போல. மூன்று மணிக்கு நான் விழித்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி ஏறும்" என்றார்.

"வெள்ளம் வந்தாலும் கட்டியிருக்கேன்ல" என்றேன்.

காலை ஏழு மணிக்குப் போனபோது வாய்க்கால் இரண்டு மடங்காகியிருந்தது. வேலி சாய்ந்து கிடந்தது. குறுக்குக் கம்பு ஒன்றைக் காணோம். பூபுவையும் காணோம். நான் கட்டிய கம்பு மட்டும் நேராக நின்றது, பிரம்பு இல்லாமல். அபாங் கம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சிரம்பானில் சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தம். வானொலியில் ஒருத்தி வேலை செய்தால் குடும்பத்தில் மைக் பிடிக்க வேறு ஆள் தேடமாட்டார்கள். எட்டரைக்காவது கிளம்ப வேண்டும். சொன்னேன்: "விடுங்கப்பா, மூங்கில்தானே. மக்கிப் போயிடும்."

"எத்தன நாள்ல?" என்று கேட்டார் அப்பா.

என்னிடம் பதில் இல்லை. அபாங்கைக் கேட்டேன். சேற்றில் புதைந்தால் ஓராண்டு மழைக்கும் தாங்கும் என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: வைத்த பூபுவை ஒரு ராத்திரிக்கு மேல் பார்க்காமல் விடுவது இங்கே வழக்கமில்லை.

தேடினோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பால். நீர் போகும் திசையில் போய், ராசாவ் புதர் ஒவ்வொன்றையும் கம்பால் விலக்கிப் பார்த்து, திரும்பி, அடுத்தது. முள் கையைக் கிழித்தது. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அலை இல்லாத கைப்பேசியை. அப்போதுதான் அப்பா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். என்னிடம் சொன்னாரா, தமிழ் தெரியாத அபாங்கிடம் சொன்னாரா தெரியவில்லை.

"எனக்குப் பதினோரு வயசு. ஒஞ் சித்தப்பனுக்கு எட்டு. தாத்தா பறியக் கேக்காம எடுத்துக்கிட்டுப் போயி கோயிலுக்குப் பின்னால ஆத்துல வச்சோம். மறுநாளே அத்த வீட்டுத் தோட்டத்துல தீமிதின்னு எல்லாரையும் லோரியில ஏத்திட்டாங்க. பத்து நாள் கழிச்சுத்தான் வந்தோம். சந்தோசத்துல மறந்தே போச்சு. தாத்தா பறியத் தேடுறாரு, அப்பத்தான் நெனப்பு வருது."

துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"தூக்குனா தூக்க முடியல. அவ்வளவு கனம். உள்ள போனது செத்திருக்கு. அதத் திங்க அடுத்தது போயிருக்கு. அது செத்து, அதத் திங்க அதுக்கடுத்தது. கடைசியா ஒரு ஆம. பெரிய ஆம. கைய வெளிய நீட்டிக்கிட்டு. பிளாச்சு ரெண்டு ஒடஞ்சிருந்துச்சு, அதால முடிஞ்சது அவ்வளவுதான்."

"தாத்தா அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா பரவால்ல."

தாத்தா அடிக்கவில்லையாம். எல்லாவற்றையும் ஒரு ரப்பர் மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார். பறியைக் காலால் மிதித்து ஒடித்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் பறி செய்யவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதும் இல்லை.

தூக்கத்திலும் நமக்காக வேலை செய்யும் என்று முகாமில் சொன்னார்களே, அது நாம் மறந்தாலும் வேலை செய்யும். மூங்கிலும் பிரம்புமாவது ஒரு நாள் மக்கும். இப்போது பலர் ஆறுகளில் போடும் பூபு நாகா, பாம்பு போல நீண்ட நைலான் வலைக்கூண்டு, எளிதில் மக்காது. மீன்வளத் துறையினர் அவற்றைப் பறிமுதல் செய்த செய்தியை நானே வாசித்திருக்கிறேன், குரலில் ஏற்ற இறக்கத்தோடு, அடுத்தது வானிலை என்று. உயிர் பிழைக்கும் கலை என்று நான் பார்த்துத் தள்ளிய காணொளிகளில் பொறி செய்வதைக் காட்டாதவர் இல்லை. கடைசியில் அதை எடுத்துப் பிரித்துப் போடுவதைக் காட்டியவர் ஒருவரையும் நினைவில்லை. எங்கள் உலு லங்காட் விளக்குமாறு என்ன ஆயிற்று என்று படகில் உட்கார்ந்து யோசித்தேன். சிலிப்பரைக் கையில் பிடித்துப் படம் எடுத்தோம். பொறியைக் கரைக்குத் தூக்கி வந்தோமா? இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

பத்தே முக்காலுக்கு அப்பாதான் கண்டார். புதிதாகப் பிளந்த மூங்கிலின் உள்பக்கம் வெளிர்மஞ்சளாக இருக்கும். ராசாவ் வேர்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு அந்த நிறம். பூபுவின் வால். முழுக்க மூழ்காமல், வால் மேலே தெரிய, வாய் சேற்றில் குத்தி நின்றது. அபாங் இடுப்பளவு நீரில் இறங்கித் தூக்கினார். உள்ளே இரண்டு லம்பாம், வயிறு மேலே. ஒரு விரால், கை நீளம், பூபுவே அதிரும்படி துள்ளியது.

அபாங் வால்கட்டை அவிழ்த்தார். செத்த லம்பாம் இரண்டையும் வீணாக்கக் கூடாது என்று கூடையில் போட்டுக்கொண்டார். விராலை என்ன செய்வது என்பது போல அப்பாவைப் பார்த்தார். அப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். வழுக்கியது, மார்போடு அணைத்துக்கொண்டார், சட்டையெல்லாம் கோழை. குனிந்து படகோரமாக நீரில் விட்டார். கறுப்புத் தண்ணீரில் அது எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

அப்பா பூபுவை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஒடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். கரையில் அபாங் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இன்ஜாப்பில் ஒரு நுனி மட்டும் முறிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். "நல்ல கட்டு" என்று மலாயில் சொல்லி, வீட்டுக்கடியில் மற்றவற்றோடு தொங்கவிட்டார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். தாம்பூலத் தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். யாரோ தம்பி கைப்பேசியைப் பார்த்து வாசித்து மைக் வேலையை முடித்திருந்தான். சேற்றுக் காலோடு நாங்கள் நுழைந்ததும் சித்தப்பா வாசலுக்கே வந்துவிட்டார். அறுபத்து நான்கு வயதில் அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ரேடியோவுல மட்டும் நிமிசத்துக்கு நிமிசம் டைம் சொல்லத் தெரியுதுல்ல? ஒரே பொண்ணு எனக்கு. பெரியப்பன் வந்து நிக்க வேண்டிய நேரத்துல நீ எங்கண்ணே போன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "பறி தண்ணியோட போயிருச்சுடா. தேடிக்கிட்டிருந்தோம்."

சித்தப்பா அப்படியே நின்றார். சட்டையில் காய்ந்திருந்த மீன்கோழையைப் பார்த்தார்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

"உள்ள?"

"ஒரு விராலு. உசுரோட இருந்துச்சு. விட்டுட்டேன்."

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குச் சோறு போட்டு எடுத்துவர அவரே உள்ளே போனார்.